கிழக்கே ஓர் ஆள் நீளம்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லாரும் தரையைப் பார்த்துத்தான் நடப்பார்கள். பேசிக்கொண்டு போகிறவர்கள்கூட எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, அவர் கால் எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். மாசியில் காய்ந்து மண்ணோடு மண்ணாகிப் போன கண்வலிக் கொடி எந்த மழைக்கு, எந்த விடியலுக்கு, எந்த இடத்தில் மண்ணைக் கீறிக்கொண்டு ஊசி முனையாக மேலே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த முனை ஒரு செருப்பில் ஒடிந்தால் அந்தக் கிழங்குக்கு அந்த வருஷம் முடிந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைச் செங்காந்தள் என்று போட்டிருக்கிறார்கள். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும், அதனால் கண்வலி என்று பேர் வந்தது என்பார்கள். நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் பார்க்கிறேன், எனக்கு வலித்ததெல்லாம் முதுகுதான்.

மூலனூருக்குத் தெற்கே, கொடி ஏறக் கம்பிப் பந்தல் போட்ட காடுகளும், ஆடு மாடு நிறைந்திருந்த காலத்தில் மேய்ச்சலுக்காகக் கிளுவை வேலி கட்டி விட்ட கொறங்காடுகளும் மாறி மாறிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. அந்த ஊரில் மற்றவர்கள் கொடிக்குக் காத்திருக்கிற ஆடியில் நான் கொடிக்கும் என் மனைவி கோகிலாமணிக்கும் சேர்த்துக் காத்திருப்பேன், ஏனென்றால் அவளும் மாசியில் மண்ணுக்குள் போய் ஆடியில் வருகிறவள்.

முதல் வருஷம் அது நடந்தபோது யாரும் அதை எதிர்பார்க்கவில்லை, ஆனால் நடந்த பிறகு நினைத்துப் பார்த்தால் எதிர்பார்த்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. அந்த வருஷம்தான் அவள் என் அப்பாவைப் பாயோடு வைத்துப் பார்த்து, அவர் போன பிறகு துக்கம் கேட்க வந்த ஒறம்பரைக்கெல்லாம் சோறு வடித்துக் கொட்டி, எங்கள் பெண் இந்துமதியைத் திருப்பூருக்குக் கட்டிக்கொடுத்து, அதற்கு நடுவில் புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரைக்கும் வெடியக்காலம் எழுந்து காட்டுக்குப் போய் ஒவ்வொரு பூவாக மகரந்தம் தொட்டு வைத்தாள். கண்வலிப் பூவின் குணம் அப்படி. அதன் சூல்தண்டு தன் மகரந்தத்துக்கே முகம் காட்டாமல் பக்கவாட்டில் மடங்கித் திரும்பிக்கொண்டு நிற்கும்; காற்றையோ தேனீயையோ நம்பி விட்டால் பாதிக்குமேல் காய் பிடிக்காது, வெயில் ஏறுவதற்குள் ஒரு மனுஷக் கை வந்து ஒட்டி வைக்க வேண்டும். காடு நிறையப் பூத்தால் காடு முழுக்கக் கை வேண்டும். அந்த மாசியில் கடைசிக் காயைப் பறித்து முடித்ததும் அவள் மடியை உதறிவிட்டு, "சித்த படுத்துட்டு வரனுங்" என்று சொல்லிக் கிழக்குப் பாத்தியில் ஒருக்களித்துப் படுத்தாள். நான் மூட்டையை ஏற்றிவிட்டு வந்து பார்த்தபோது மண் அவள் தோள் வரைக்கும் ஏறியிருந்தது. முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு ஆழமாக யாரும் தூங்கி நான் பார்த்ததில்லை, எழுப்ப மனசு வரவில்லை. பொழுது சாய்கிறபோது சேலை முந்தி மட்டும் வெளியே தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

தோண்டிவிடலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: உறங்குகிற கிழங்கைத் தோண்டிப் பார்க்கக்கூடாது, தண்ணீர் விடக்கூடாது. தோண்டினால் முளைக்கண் ஒடிந்துவிடும், தண்ணீர் விட்டால் அழுகிவிடும். பூ ஒட்டுகிற கூட்டத்துக்கு மூத்தவளான மாராத்தாள், எனக்கு அண்ணி முறை, மண்ணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சூடு இருக்கிறது, கம்முனு விடுங்கள் என்றாள். விட்டோம்.

அதற்குப் பிறகு ஊர் அதற்குப் பழகிய விதத்தைத்தான் சொல்ல வேண்டும். தீட்டு உண்டா இல்லையா என்று கோயிலில் பேச்சு வந்தது; செத்தவர்களின் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவோம், இவள் துணி துவைக்காமல் கிடக்கிறது, அதனால் தீட்டு இல்லை என்று பூசாரி சொல்லிவிட்டார். ரேஷன் கடையில் ரேகை வைக்க ஆள் வேண்டும் என்றார்கள், ஆடிக்குத்தான் வருவாள் என்றேன், கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு அப்போது கூட்டி வாருங்கள் என்றார். பங்குனி சித்திரையில் வருகிற கல்யாணப் பத்திரிகைகளில் அவள் பேரையும் போட்டார்கள். வராதவள் என்று யாரும் குறை சொல்லவில்லை, வந்திருந்தும் முகங்கொடுக்காத சம்பந்திகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கிழக்குப் பாத்திப் பக்கம் யாரும் ஆட்டைக் கட்டுவதில்லை. அந்த வழியாகப் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், சிலர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

பெண்களுக்குத்தான் பொறாமை. அடுத்த மாசியில் நாலைந்து பேர் தங்கள் தங்கள் காட்டில் போய்ப் படுத்துப் பார்த்தார்கள். எறும்புக் கடியும் முதுகுப் பிடிப்பும்தான் மிச்சம். மேற்கு வளவில் ஒருத்தி மத்தியானம் வரைக்கும் அசையாமல் கிடக்கவே, புருஷன் பயந்துபோய், வாழ்க்கையில் முதல் தடவையாக அடுப்பு மூட்டி டீ போட்டு எடுத்துக்கொண்டு ஓடினான். அவள் எழுந்து உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, "இதுக்கே இத்தன வருசம் ஆச்சு" என்றாளாம். மாராத்தாள் அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

கோகிலாமணி மேலே வருகிற நாள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆடியின் முதல் நல்ல மழை பெய்து, கொடி முனைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை காட்டின மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, மண் பிளந்து உச்சி வகிடு தெரியும். தொடக்கூடாது. உதவக்கூடாது. மத்தியானத்துக்குள் அவளாக எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்குவாள். இந்துமதி திருப்பூரிலிருந்து புதுச் சேலையும் எண்ணெயும் கொண்டுவந்திருப்பாள், நான் பழைய சோற்று நீச்சத்தண்ணி வைத்திருப்பேன், அவள் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எருமைக்குத் தண்ணி காட்டியாச்சா என்று கேட்பாள். அவள் எழுந்து வந்த குழியை நாங்கள் மூடுவதில்லை. கிழங்கு வந்த குழியைக் காற்றும் மழையும்தான் மூட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மறு மாசியில் அவள் அந்தக் குழியிலேயே போய்ப் படுத்துக்கொள்வாள்.

இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் தீராமல் இருந்தது. போன வருஷக் கிழங்கு அழுகிக் கரைந்து, அதன் சத்தில்தான் இந்த வருஷக் கிழங்கு பக்கத்தில் திரளும். மேலே வருவது பழசு இல்லை. அப்படியென்றால் ஆடியில் எழுந்து உட்காருகிறவள் மாசியில் படுத்தவள்தானா? பாயில் படுத்துக்கொண்டு நான் இதை நிறைய யோசித்திருக்கிறேன். ஆனால் அவள் வந்த மறுநாளே, கல்யாணமான புதிதில் என் அக்கா சொன்ன ஒரு சொல்லை எடுத்துச் சொல்லிக்காட்டுவாள், நான் நிம்மதியாகிவிடுவேன். இவள்தான்.

இந்த வருஷம் எங்கள் காட்டுக்குக் கிழக்கே இருக்கிற இட்டேரியில் சிமெண்டு ரோடு வந்தது. இரண்டு வேலிகளுக்கு நடுவே முழங்கால் புழுதியாகக் கிடந்த வண்டித்தடம் அது, மழை பெய்தால் டிராக்டர் இறங்காது. என் பங்காளி வேலப்பன் வார்டு மெம்பர். எத்தனையோ பேரைப் பார்த்து, எத்தனையோ கதவருகில் நின்று அவன் அந்த ரோட்டை வாங்கி வந்தான். போன ஆடியில் கோகிலாமணி எழுந்த குழி எங்கள் வேலியை ஒட்டியே இருந்ததால், எல்லாரும் மிகக் கவனமாக இருந்தோம். நான் குழியைச் சுற்றி முள் வைத்தேன். கலவை மிஷினை அந்தப் பக்கம் நிறுத்த வேண்டாம் என்று வேலப்பன் மேஸ்திரியிடம் சொன்னான், மேஸ்திரி எதற்கு என்று கேட்டார், எங்க அண்ணி தூங்கறாங்க என்றான், அவரும் மிஷினைத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார். ரோடு போட்ட பிறகு அது வெடிக்காமல் இருக்க வேலப்பன் சாக்கை நனைத்துப் போட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினான், பிறந்த குழந்தைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினான். நான்கூட ஒரு நாள் குடத்தை வாங்கி ஊற்றினேன்.

ஆடி பிறந்தது. மழை பெய்தது. எங்கள் காட்டிலும் பக்கத்துக் காடுகளிலும் கொடி கிளம்பி, ஒரு முழம் ஏறி, இலை நுனியைச் சுருட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. முள்ளுக்கு நடுவே மண் அசையவில்லை. ஆடிப் பெருக்கு போயிற்று. இந்துமதி சேலையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு குழிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள், கம்பெனியில் லீவு முடிந்துவிட்டது என்று போனில் யாரிடமோ மறுபடி மறுபடி சொன்னாள். பிறகு என்னிடம் வந்து நின்றாள்.

"தோண்டிப் பாத்தரலாம்ப்பா."

"கண்ணு ஒடிஞ்சிரும், அம்முணி."

"கண்ணு இருந்தாத்தானப்பா ஒடியும்."

நான் சாய்ந்திருந்த முள்ளை நிமிர்த்தி வைத்தேன். பூ ஒட்ட வருகிற பெண்கள் வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் போனதிலிருந்தே அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த நாட்களில் நான் என்னையே கேட்டுக்கொண்டேன், நான் எதற்குக் காத்திருக்கிறேன் என்று. அவளுக்கா, இல்லை அவள் வந்தால் என் கையிலிருந்து இறங்கப்போகிற வேலைக்கா? எருமைக்குத் தண்ணி, அடுப்பு, காட்டு வேலைக்கு வருகிற ஆட்களுக்குச் சோறு, எல்லாவற்றையும் ஆறு மாசம் செய்து எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. அவள் அதை வருஷக்கணக்காகச் செய்துவிட்டுத்தான் படுத்தாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்தேன் என்று கேட்டால், நீச்சத்தண்ணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு காலையில் மோட்டார் ரூம் மேலே ஏறினேன், குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க. அங்கிருந்து திரும்பியபோது காடு முழுவதும் கண்ணில் பட்டது. காற்றும் மழையும் பாதி மூடிய குழிகள், ஒன்றிலிருந்து ஒன்று ஓர் ஆள் நீளம் தள்ளி, முதல் வருஷத்துப் பாத்தியிலிருந்து வேலி வரைக்கும், கயிறு பிடித்து வைத்த மாதிரி ஒரே கோட்டில் கிழக்கே போயிருந்தன. கீழே நின்று பார்க்கிறபோது குழி குழியாகத்தான் தெரிந்திருந்தது. கண்வலிக் கிழங்கு வைத்த இடத்தில் முளைக்காது, கலப்பை மாதிரி வளைந்து பக்கத்தில் வளர்ந்து அதன் நுனியில்தான் முளைக்கும், நேராக வைத்த வரிசை நாலு வருஷத்தில் கோணிப் போகும். இது தெரியாதவன் எங்கள் ஊரில் கிடையாது. அந்த ஊரில் பிறந்த நான், போன வருஷத்துக் குழியைச் சுற்றி முள் வைத்துவிட்டு, இந்த வருஷம் அவள் வரவேண்டிய இடத்தில் சிமெண்டு போட வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இறங்கிப் போய் வேலப்பனிடம் சொன்னேன். அவன் ரோட்டைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். புது ரோட்டை உடைக்க அவனுக்கு அதிகாரம் இல்லை, உடைத்தால் எங்கெங்கே போய் என்னென்ன பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவன் முகம் செத்துப்போனது அதனால் இல்லை. உறங்குகிற கிழங்கின் மேல் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியவன் அவன். அழுகல் என்ற சொல்லை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மாராத்தாள் வந்து நின்றாள், அவளும் சொல்லவில்லை.

"ரோட்ட மறுபடியும் போட்டுக்கலாமுங்ணா" என்றான் வேலப்பன். "அண்ணிய எந்த ஸ்கீம்ல போடறது?"

அவன்தான் முதல் கடப்பாரையைப் போட்டான். ஊர் ஆண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். நடுவில் குத்தக்கூடாது, ஓரத்தில் மட்டும் நெம்பி, ஒரு கட்டில் அகலத்துக்குச் சிமெண்டைப் பலகையாகப் பெயர்த்துத் தூக்க வேண்டும் என்று மாராத்தாள் சொன்னாள். வெயில் ஏறி, உச்சிக்கு வந்து, சாய்கிற வரைக்கும் வேலை நடந்தது. பலகையைத் தூக்கியபோது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டதை நான் கேட்டேன், ஏனென்றால் அழுகின கிழங்கின் வாடை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

வாடை இல்லை. கீழே ஒரு பள்ளம் இருந்தது, ஒருக்களித்துப் படுத்த ஒரு பெண்ணின் அச்சு, முழங்கால் மடங்கியிருந்த இடம்கூடத் தெளிவாக இருந்தது. அதில் யாரும் இல்லை. ஒரு கொண்டை ஊசி கிடந்தது. இந்துமதி அதை எடுத்து முந்தியில் துடைத்தாள். மாராத்தாள் பள்ளத்தில் இறங்கி, கிழக்குப் பக்கத்து மண்ணில் கையை வைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஈரம் எறங்கறதுக்கு முன்னாலயே நவுந்துட்டா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கொழுந்தனாரே, உங்க ஊட்டுக்காரி அக்கட்டாலிங்க போயிட்டிருக்கறா" என்றாள்.

அக்கட்டால என்றால் ரோட்டுக்குக் கிழக்கே, வேலிக்கு அந்தப் பக்கம், கொறங்காடு. சொந்தக்காரர்கள் மாட்டையெல்லாம் விற்றுவிட்டு ஈரோட்டில் போய் இருக்கிறார்கள். கொழுக்கட்டைப் புல் இடுப்பளவு நிற்கும், அங்கங்கே வெள்வேல மரம், வேறொன்றும் கிடையாது. கிணறு இல்லை. வீடு இல்லை. ஆள் போகிற தடம் இல்லை. அன்றிலிருந்து யாரும் அதற்குள் கால் வைக்கவில்லை. நான் விடிந்ததும் நீச்சத்தண்ணியோடு போய்க் கிளுவை வேலி ஓரத்தில் உட்கார்ந்து, வெயில் ஏறியதும் எழுந்து வருவேன். ஆடி முடிந்தது. ஆவணியும் பாதி போயிற்று. இந்துமதி சேலையை என்னிடம் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டாள். எங்கள் காட்டில் முதல் பூ பூத்தது.

அந்தப் பூவைப் பார்த்த காலையில்தான் அவளையும் பார்த்தேன். புல்லுக்கு நடுவே, ஒரு வெள்வேல மரத்துக்கு அந்தப் பக்கம், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாளோ, தலைமுடி காய்ந்திருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நீச்சத்தண்ணியைக் கொடுத்தேன், மெதுவாகக் குடித்தாள். எருமையைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஏம்புள்ள, இவ்வளவு தூரம் வந்துட்ட."

"நடக்கலீங். திரும்பிப் படுத்தன், அவ்வளவுதான்."

"வருசா வருசம் இந்தப் பக்கமேவா திரும்புவாங்க?"

அவள் கிழக்கே கையைக் காட்டினாள். புல்லும் வானமும் தொட்டுக்கொண்டிருந்தன. "அங்க ஒண்ணுமில்லீங்" என்றாள். "அதுக்குத்தான்."

பிறகு எழுந்து, நான் கொண்டுபோயிருந்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு, என்னோடு வீட்டுக்கு வந்தாள். ரோட்டில் பெயர்த்த இடத்தைப் பார்த்து இதென்ன என்று கேட்டாள், உன்னைத் தேடினோம் என்றேன், நல்லா வேலை இல்லாத ஆளுங்க என்றாள். புரட்டாசியில் பூ நிறைந்ததும் வெடியக்காலம் எழுந்து ஒட்டப் போனாள். திரும்பிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு சூல்தண்டையும் விரலால் தாங்கி, மகரந்தம் வைத்து, விட்டாள். இந்த வருஷம் பக்கத்து வரிசையில் நானும் ஒட்டினேன். எனக்கு வேகம் வரவில்லை. பூவின் கழுத்தைத் திருகுகிறேன் என்று மாராத்தாள் திட்டினாள், கோகிலாமணி சிரித்தாள். வேலப்பன் ரோட்டைச் சரி செய்யவில்லை. பள்ளத்தில் செம்மண்ணைக் கொட்டிவிட்டான், வண்டிகள் அந்த இடத்தில் ஒதுங்கிப் போகின்றன. யாராவது வெளியூர்க்காரர்கள் ஏன் என்று கேட்டால், பைப் லைன் என்று சொல்கிறான்.

தை போய் மாசி வந்தது. கடைசிக் காயைப் பறித்ததும் அவள் மடியை உதறினாள். நான் கூடவே போனேன். கொறங்காட்டில் அவளுடைய குழியில் புல் விழுந்து மெத்தை மாதிரி இருந்தது. அவள் இறங்கி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்து ஊசியை என் கையில் கொடுத்தாள். கேட்கக்கூடாது என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டுதான் வந்தேன், ஆனால் கேட்டேன்.

"ஒரு வருசம் இந்தப் பக்கமாத் திரும்பிப் படேன், புள்ள."

அவள் கொஞ்ச நேரம் வீட்டுப் பக்கம் பார்த்தாள். ஓட்டுக் கூரையும், மோட்டார் ரூமும், அதற்கு மேல் என் வேட்டி காய்வதும் தெரிந்தன.

"தூக்கத்துல நெனப்பு இருக்குமுங்களா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு கிழக்கே முகத்தை வைத்து ஒருக்களித்துப் படுத்தாள், மண் ஏற ஆரம்பித்தது.

இந்தத் தடவை நான் முள் வைக்கவில்லை. அவள் அங்கே என்னதான் பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்ள, அவளுக்குப் பின்னால், ஓர் ஆள் நீளம் மேற்கே தள்ளி, அதே மாதிரி ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். புல் தாள்கள் அசைந்தன. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை, அதற்கு அப்பாலும் ஒன்றுமில்லை, யாரும் எதையும் கேட்காத வெளிச்சம் மட்டும் இருந்தது. எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியாது. எருமை கத்துகிற சத்தம் ரோட்டைத் தாண்டி வந்தபோது விழித்தேன். வலது கால் முழங்கால் வரைக்கும் மண்ணுக்குள் இருந்தது, அங்கே இளஞ்சூடாக இருந்தது, வலி எதுவும் இல்லை.

எருமை மறுபடியும் கத்தியது. காலையிலிருந்து அதற்குத் தண்ணி காட்டவில்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். பிறகு, அவள் பக்கத்து மண் அசையாதபடி, காலை மெதுவாக, முனை ஒடியாமல் கிழங்கு எடுக்கிற மாதிரி வெளியே இழுத்துக்கொண்டு, எழுந்து மேற்கே நடந்தேன்.